எஸ்டிஎம்32 கியூப் ஐடிஇ: எல்இடி மினுக்க மூன்று நாள்

புதியவர்கள் பழகும் ஆர்டுயினோ போர்டில் முதல் எல்இடியை மினுக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. எஸ்டிஎம்32 கியூப் ஐடிஇயில் அதே வேலைக்கு மூன்று நாள். ரெண்டையும் ஒப்பிடுவதே தப்பு என்று இப்போது தெரிகிறது, ஆனால் அந்த மூன்றாம் நாள் ராத்திரி நியாய அநியாயம் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

என்ன சாமான் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் தன் எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலர் சிப்புகளுக்கு நிரல் எழுதி ஏற்ற 2019-இல் வெளியிட்ட இலவச மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். வெளித்தோற்றம் எக்லிப்ஸ் என்கிற நிரல் எழுதும் மென்பொருள், உள்ளே நிரலைச் சிப்புக்குப் புரியும்படி கம்பைல் பண்ணுவது ஜிசிசி, தப்பைத் தேடி டீபக் பண்ணுவது ஜிடிபி. நான் பழகியது 1-ஆம் வரிசைப் பதிப்பில், அதில் கியூப்எம்எக்ஸ் என்கிற பின் (சிப்பின் கால்) அமைக்கும் கருவியும் உள்ளேயே இருந்தது. போர்டு நியூக்ளியோ எஃப்446ஆர்இ: கார்டெக்ஸ் எம்4, 180 மெகாஹெர்ட்ஸ் வரை, 512 கிலோபைட் ஃபிளாஷ், 128 கிலோபைட் ரேம். நிரலை ஏற்றி டீபக் பண்ண உதவும் எஸ்டி லிங்க் அந்த போர்டிலேயே ஒட்டிக்கொண்டு வருவதால் ஒரு யூஎஸ்பி கேபிள் இருந்தால் டீபக் வரைக்கும் போய்விடலாம். பழகப்போகிறவர்கள் இந்த மாதிரி போர்டிலேயே தொடங்குங்கள், வெறும் சிப்பையும் தனி புரோகிராமரையும் வயரில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தால் தப்பு வயரிலா நிரலிலா என்றே பாதி நாள் போய்விடும்.

எல்லோரும் புகழ்வது அந்தப் பின் அமைக்கும் படத்தைத்தான். சிப்பின் படம் வரும், காலைச் சொடுக்கி இது அவுட்புட், இது யுஆர்ட் (சீரியல் தொடர்பு) என்று சொன்னால் தொடக்க நிரலை அதுவே எழுதிக் கொடுக்கும். கிளாக் (சிப்பை ஓட்டும் துடிப்பு) பக்கம் இன்னும் நன்று: எந்த மூலத்திலிருந்து எத்தனை மெகாஹெர்ட்ஸ் எங்கே போகிறது என்று குழாய் வரைபடம் மாதிரி காட்டும், வரம்பு மீறினால் அந்தப் பெட்டி சிவப்பாகும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அழகில் மயங்கி நான் செய்த முதல் தப்பைக் கேளுங்கள். அது எழுதித் தரும் மெயின் கோப்பில் 'யூசர் கோட் பிகின்', 'யூசர் கோட் எண்ட்' என்று ஜோடி ஜோடியாகக் குறிப்புகள் இருக்கும். நம் வரிகள் அந்த ரெண்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். என்னவோ அலங்காரம் என்று நினைத்து நான் வெளியே எழுதிவைத்தேன், மறுநாள் ஒரு பின்னை மாற்றி மறுபடி நிரல் உருவாக்கச் சொன்னதும் ஒரு மாலை முழுக்க எழுதியது சுத்தமாகத் துடைக்கப்பட்டுவிட்டது. வழிகாட்டியில் தெளிவாக எழுதியிருக்கிறது, படிக்காதது நான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை உருவாக்குவதற்கு முன்பும் கிட் என்கிற பதிப்புச் சேமிப்பில் ஒரு கமிட் போட்டுவிடுகிறேன்.

சரி, எனக்கு இந்தக் கருவி பிடித்துப்போனது பின் படத்தால் அல்ல, டீபக்கரால். ஆர்டுயினோவில் எதுவும் ஓடவில்லை என்றால் ஊகிப்போம், சீரியலில் நாலு இடத்தில் 'இங்கே வந்தேன்' என்று அச்சடிப்போம். இங்கே பூச்சிப் படத்தை அழுத்தினால் சிப்பை நடுவழியில் நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்கலாம். சொன்னால் புரியாது, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கற்றுக்கொள்ள வேண்டும் என்று எஸ்டி தரும் ஹால் என்கிற ஆயத்த நிரல் நூலகத்தை ஒதுக்கிவிட்டு ரெஜிஸ்டர்களில் (சிப்பின் பகுதிகளை ஆட்டுவிக்கும் நினைவிடங்கள்) நேரடியாக எழுதிப் பார்த்தேன். போர்டில் உள்ள பச்சை எல்இடி பிஏ5 பின்னில் இருக்கிறது. பின்னின் வகையைச் சொல்லும் மோடர் ரெஜிஸ்டரில் அவுட்புட் என்று எழுதினேன், வெளியே போகும் மதிப்பைச் சொல்லும் ஓடிஆரில் 1 வைத்தேன், எரியவில்லை. பத்து தடவை நிரலைப் படித்தேன், தப்பே தெரியவில்லை. கடைசியில் நிறுத்திவைத்து, ரெஜிஸ்டர்களின் மதிப்பைக் காட்டும் எஸ்எஃப்ஆர் ஜன்னலைத் திறந்தால் நான் எழுதிய ரெஜிஸ்டர்கள் எல்லாமே சுழி. எழுதின எதுவும் உள்ளேயே போகவில்லை! மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சிப்புகளில் ஒவ்வொரு பகுதியின் கிளாக்கும் தொடக்கத்தில் அணைந்திருக்கும், ஆர்சிசி என்கிற கிளாக் கட்டுப்பாட்டுப் பகுதியில் அந்த போர்ட்டுக்கான (பின்களின் தொகுதிக்கான) பிட்டை ஏற்றினால்தான் உயிர் வரும். எங்கோ படித்த விஷயம்தான், ஆனால் அந்தச் சுழிகளைக் கண்ணால் பார்த்த பிறகு இனி மறக்காது.

அதோடு விட்டேனா? கிளாக்கை ஏற்றினேன், மோடரில் பிட்டை மட்டும் மாற்றாமல் மொத்த ரெஜிஸ்டரையும் சமன் குறி போட்டு எழுதினேன். எல்இடி எரிந்தது, டீபக்கர் அறுந்தது. டீபக்கர் பேசும் பிஏ13, பிஏ14 பின்களும் அதே போர்ட்டில்தான் இருக்கின்றன, அவற்றையும் சாதாரண இன்புட்டாக மாற்றிவிட்டேன். போர்டு செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், டீபக் அமைப்பில் 'கனெக்ட் அண்டர் ரீசெட்' தேர்ந்தெடுத்தால் நம் நிரல் ஓடத் தொடங்கும் முன்பே பிடித்துவிடலாம். எல்இடி எரியும்போது மூன்றாம் நாள் முடிந்திருந்தது.

இன்னொன்று, பொத்தானை அழுத்தினால் மொத்தமும் உறைந்துபோனது. நிறுத்திப் பார்த்தேன், நிற்கும் வரியைக் காட்டும் அம்பு, தாமதம் தரும் ஹால் டிலே என்ற செயற்கூற்றின் வளையத்துக்குள் நிற்கிறது. பொத்தானின் இன்டர்ரப்டுக்குள்ளேயே, அதாவது ஓடும் நிரலை இடைமறித்து ஓடும் பகுதிக்குள்ளேயே, நான் தாமதம் வைத்திருந்தேன். அந்தத் தாமதம் எண்ணுவது சிஸ்டிக் என்கிற உள் டைமரின் இன்டர்ரப்டை வைத்து, அதன் முன்னுரிமையோ கடைசி, என் இன்டர்ரப்ட் முடியாமல் அது உள்ளே வர முடியாது, அது வராமல் என்னுடையது முடியாது. ஊகித்தே போயிருந்தால் வாரக் கணக்கில் தேடியிருப்பேன், ஆனது ரெண்டு நிமிடம்.

ஓடும்போதே குளோபல் மாறிகளின் மதிப்பைக் காட்டும் லைவ் எக்ஸ்பிரஷன்ஸ் ஜன்னலும் உண்டு. சென்சார் அளவு மாறுவதை நிரலை நிறுத்தாமலே பார்க்கலாம், இதற்குப் பிறகு பிரிண்ட்எஃப் போட்டு அச்சடிக்கும் ஆசையே எனக்குக் குறைந்துவிட்டது. எச்சரிக்கை ஒன்று: நிறுத்தினால் நிற்பது சிபியு மட்டும்தான். தனியாகச் சொல்லிவைக்காவிட்டால் டைமர்கள் ஓடிக்கொண்டே இருக்கும், மோட்டாரை ஓட்டும் பிடபிள்யுஎம் துடிப்புகள் போய்க்கொண்டே இருக்கும், மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். நிரல் தொங்கினால் சிப்பை மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் போட்டிருந்தால் நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சிப்பை ரீசெட் பண்ணிவிடும்.

பிரிண்ட்எஃப் வேண்டும் என்பவர்களுக்கு: எழுத்துகளை யுஆர்டுக்குத் திருப்பிவிடும் சின்ன செயற்கூற்றை நாமே எழுத வேண்டும், வரி முடிவுக் குறியைப் போடாவிட்டால் எழுத்துகள் இடைநினைவிலேயே கிடக்கும், தசம எண்கள் வேண்டுமானால் திட்ட அமைப்பில் அதற்கென உள்ள பெட்டியில் குறியிட வேண்டும். வேறு ஒன்றும் பெரிதாக இல்லை.

குறை இல்லாமலா? எக்லிப்ஸின் பாரம் முழுக்க இதற்கும் உண்டு. ஒர்க்ஸ்பேஸ் என்பது ஒரு கோப்புறை, திட்டம் என்பது வேறு, திட்டம் அதற்குள்ளேயும் இருக்கலாம் வெளியேயும் இருக்கலாம், இம்போர்ட் பண்ணும்போது நகலெடுக்கவா அப்படியே சுட்டவா என்று கேட்கும், புதியவருக்கு இந்தக் கேள்வியே புரியாது. விஎஸ் கோடில் பழகிய கைக்கு எடிட்டர் மந்தமாகத்தான் இருக்கும். உருவாக்கித் தரும் நிரலும் நீளம், ஒரு பின்னுக்குப் பத்து வரி. படித்துப் பழகினால் அதுவே பாடம் என்பது வேறு விஷயம்.

யார் வாங்கலாம் என்று எழுத இதற்கு விலையே இல்லை. ஒரு விளக்கும் ஒரு சென்சாரும் வைத்து வார இறுதியில் முடிக்கிற வேலைக்கு ஆர்டுயினோ போதும், இதை இறக்கி வட்டில் பல ஜிபியைக் கொடுக்க வேண்டாம். வெவ்வேறு நிறுவனச் சிப்புகளில் மாறி மாறி வேலை செய்பவருக்கும் பிளாட்ஃபார்ம்ஐஓ மாதிரி ஒன்றுதான் வசதி. எஸ்டிஎம்32தான் என்று முடிவாகிவிட்டால் நேராக இங்கேயே வாருங்கள், ஆனால் முதல் நாளே ஓடுகிற நிரலை நிறுத்தி எஸ்எஃப்ஆர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிடுங்கள், நான் அதை மூன்றாம் நாள்தான் திறந்தேன்.

இப்போது சிக்கியிருப்பது ரிலீஸ் பில்டில், அதாவது கம்பைலர் சுருக்கித் தரும் இறுதி வடிவத்தில். டீபக்கில் ஒழுங்காக ஓடுவது ரிலீஸில் ஒரு வளையத்தில் தொங்குகிறது. இன்டர்ரப்டில் மாறும் கொடி மாறிக்கு வாலடைல் (மதிப்பு எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) போட மறந்திருப்பேன் என்று சந்தேகம், போய்ப் பார்க்க வேண்டும்.