கொலுசுக் கணக்குக்கு ஃப்ளோட்டா, டெசிமலா?

சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமாவுக்கு பைத்தானில் ஒரு சின்ன பில் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பைத்தான் மொழியில் புள்ளி வைத்த எண்களைச் சேமிக்க ஃப்ளோட் (float), டெசிமல் (Decimal) என்று இரண்டு வழிகள் உண்டு. எடை, கூலி எல்லாவற்றையும் முதலில் ஃப்ளோட்டில்தான் வைத்தேன். எழுத எளிது, வேகமும் அதிகம். ஆனால் ஃப்ளோட் எண்களை இரும முறையில், அதாவது 0, 1 மட்டும் கொண்டு, சேமிக்கிறது. அதில் 0.1 துல்லியமாக அடங்காது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். அது 0.3-க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்றே சொல்லும். வரவும் செலவும் நேராகிறதா என்று பார்க்கும் வரி அங்கேயே தடுக்கிவிடும்.

டெசிமல், நாம் தாளில் போடுவதுபோலப் பத்தடிமானத்திலேயே கூட்டும். விடை 0.3 என்றால் 0.3தான். இயல்பாகவே 28 இலக்கத் துல்லியம் உண்டு. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: எண்ணை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். வெறும் 0.1 என்று கொடுத்தால் ஃப்ளோட்டின் பிழையும் கூடவே வந்துவிடும். புதிதாகக் கற்பவர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஏற்காட்டின் சராசரி வெப்பநிலையைக் கணக்கிட ஃப்ளோட் தாராளமாகப் போதும். காசு என்றால் நான் டெசிமல் பக்கம்தான்.

அப்புறம் காற்புள்ளி. காற்புள்ளி போடச் சொன்னால், இரண்டுமே ஒன்றரை லட்சத்தை 150,000 என்றுதான் பிரித்துக் காட்டும். மாமாவுக்கு 1,50,000 என்று தெரிய, தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதினேன்.