ஆயுள் முழுக்கச் சேர்த்த பேஸ்பால் கார்டுகள்: வியாபாரிக்கா, ஏலத்துக்கா, மியூசியத்துக்கா, பிள்ளைகளுக்கா?

அமெரிக்காவில் எண்பது வயதை நெருங்கும் ஒரு தாத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களில் ஐந்து சென்ட் கொடுத்து டாப்ஸ் பபிள் கம் பாக்கெட் வாங்கிய பையன், கம்மை மென்றுவிட்டுக் கூட வந்த, ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் கார்டைப் பத்திரப்படுத்தியவர், வேலைக்குப் போன பிறகும் விடாமல் கண்காட்சி கண்காட்சியாக அலைந்து வாங்கிச் சேர்த்தவர். பிக் ஃபன் பபிள் கம்மில் வந்த கிரிக்கெட் கார்டுகளுக்காக அடித்துக்கொண்ட நம் தலைமுறைக்கு இந்தப் பைத்தியம் புரியும். என்ன, அங்கே அது பெரிய சந்தையாகவே ஆகிவிட்டது. இப்போது வீட்டை விற்றுவிட்டு சின்ன அபார்ட்மென்ட்டுக்குப் போக வேண்டும், முட்டி வலி, கண் மங்கல், "இதையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விடாதீர்கள்" என்று மனைவியும் சொல்லியாகிவிட்டது. பேஸ்மென்ட் நிறையப் பெட்டிகள். யாரிடம் கொடுப்பது?

எந்த வழியில் அதிகப் பணம் வரும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. எந்த வழியில் போனாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பிரித்து, பார்த்து, விலை வைத்து, பேக் செய்து அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்த வேலையை யார் செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் கைக்கு வரும் தொகை ஏறுகிறது, இறங்குகிறது. அறுபது வயதில் அந்த வேலை பொழுதுபோக்கு. எண்பதில் அப்படி இல்லை.

அதற்கும் முன்னால் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் செய்திகள் எல்லோருடைய கணக்கையும் கெடுத்து வைத்திருக்கின்றன. 2022 ஆகஸ்டில் மிக்கி மேன்ட்டில் என்ற ஆட்டக்காரரின் 1952ஆம் வருஷத்து டாப்ஸ் கார்டு ஒன்று ஹெரிடேஜ் என்ற ஏல நிறுவனத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. அந்த வருஷத்துக் கார்டுகளில் விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960இல் கடலில் கொண்டுபோய்க் கொட்டியதாக டாப்ஸில் வேலை பார்த்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். பையன்கள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போனபோது மிச்சத்தை அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். அதனால்தான் அந்த விலை. 1980களில் பழைய கார்டு விலை ஏறுவதைப் பார்த்து ஊரே உஷாராகிவிட்டது. 1981இல் ஃபிளீர், டான்ரஸ் என்ற இரண்டு கம்பெனிகள் டாப்ஸின் ஏகபோகத்தை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தன, 1989இல் அப்பர் டெக் வந்தது, ஆளாளுக்கு அச்சடித்துத் தள்ளினார்கள், வாங்கியவர்களும் எதையும் தூக்கிப் போடாமல் அப்படியே அடுக்கி வைத்தார்கள். 1980களின் பின்பாதியிலிருந்து 1990களின் முற்பகுதி வரை வந்த இந்தச் சரக்குக்கு அங்கே 'ஜங்க் வாக்ஸ்' (மெழுகுத்தாள் பாக்கெட்டில் வந்த குப்பை) என்றே பெயர். பேஸ்மென்ட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதுதான். உண்மையான பணம் பல வீடுகளில் ஒரே ஒரு ஷூ பெட்டிக்குள் அடங்கிவிடும்.

சரி, முதல் வழி: வியாபாரி. வீட்டுக்கே வருவார், பார்ப்பார், செக் எழுதுவார், வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். நல்ல கார்டுக்குத் தான் விற்கப்போகும் விலையில் பாதியிலிருந்து எழுபது சதவீதம் வரை கொடுப்பார் என்பது பொதுவான பேச்சு. சாதாரணக் கார்டுகளுக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகை. கொள்ளை என்று திட்டுகிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. மேலே சொன்ன அத்தனை வேலையும் அவர் தலையில், விற்காமல் தங்கினால் நஷ்டமும் அவருடையது. 'மிஸ்டர் மின்ட்' என்று பெயரெடுத்த ஆலன் ரோசன் சூட்கேஸ் நிறையப் பணத்தோடு போய் வாங்குவதற்குப் பெயர்போனவர். 1980களின் நடுவில் மாசசூசெட்ஸில் ஒரு வீட்டில் 1952 டாப்ஸ் கார்டுகளை ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்து வாங்கினார். அதிலிருந்து ஒரு மேன்ட்டிலை 1991இல் 50,000 டாலருக்கு விற்றார். அதுதான் 2022இல் ஏலத்துக்கு வந்த அதே கார்டு. முதலில் விற்ற வீட்டுக்காரர் ஏமாந்தார் என்று சொல்வதானால் ரோசனும் ஏமாந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் பிடித்து வைத்திருந்தவருக்குத்தான் அந்த லாபம், எண்பது வயதுக்காரருக்கு அந்த முப்பது வருஷம் கிடையாது.

ஏல நிறுவனம் வேறு மாதிரி. அவர்களுக்கு ஷூ பெட்டி மட்டும் வேண்டும், மிச்சம் வேண்டாம். ஜெயித்தவர் ஏலத்தொகைக்கு மேலே 20 சதவீதம் அளவில் தனியாகக் கட்ட வேண்டும் என்பதால் நிறுவனத்தின் வருமானம் பெரும்பாலும் அங்கிருந்தே வந்துவிடுகிறது. கார்டு உண்மையிலேயே பெரியது என்றால் விற்பவரிடம் கமிஷனே வாங்காமல் இருக்கவும் ஒத்துக்கொள்வார்கள், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஏலத்துக்கு முன்னால் தரச்சான்று வேண்டும். பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, பெக்கெட் மாதிரி நிறுவனங்கள் மூலை, ஓரம், அச்சின் மையம் எல்லாம் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு கெட்டியான பிளாஸ்டிக்கில் அடைத்துத் தருவார்கள். ஒரு மதிப்பெண் கூடினால் விலை பல மடங்கு ஏறலாம், அதனால் கார்டை அறுபது வருஷம் விரலால் தொட்டுப் பழகிய ஆளுக்கு இந்த பிளாஸ்டிக் எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும் வேறு வழியில்லை. சான்று வரவும், ஏலத் தேதி வரவும், பணம் வரவும் மாதங்கள் ஆகும். 2021இல் கார்டுகள் மலையாகக் குவிந்ததில் பிஎஸ்ஏ பல சேவைகளை நிறுத்தியே வைக்க வேண்டியிருந்தது. அப்புறம் இந்தத் தொழிலும் ஒன்றும் கோயில் உண்டியல் கிடையாது. ஒரு காலத்தில் இதில் முதலிடத்தில் இருந்த மாஸ்ட்ரோ நிறுவனத்தின் பில் மாஸ்ட்ரோ, பொய்யாக ஏலம் கேட்கவைத்து விலையை ஏற்றிவிட்டதை 2013இல் ஒப்புக்கொண்டார், உலகத்திலேயே பேர்போன கார்டான, சிகரெட் பாக்கெட்டில் வந்த ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் கார்டு ஒன்றின் ஓரத்தை வெட்டி நேராக்கியதையும் ஒப்புக்கொண்டார். 2015இல் 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஈபேயில் தானே விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டணம் 13 சதவீதத்தை ஒட்டி வரும், ஆக வியாபாரியைவிடக் கையில் அதிகம் நிற்கும், காகிதத்தில். மூவாயிரம் கார்டு என்றால் மூவாயிரம் போட்டோ, விளக்கம், கவர், "மூலை மடங்கியிருக்கிறது, பணத்தைத் திருப்பிக் கொடு" என்று சண்டைக்கு வருபவர்கள். பேரன் உட்கார்ந்து செய்து தருகிறான் என்றால் யோசிக்கலாம், அவனுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

மியூசியம் என்ற பேச்சு வந்தால் ஜெபர்சன் பர்டிக்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரத்துக்காரர், தொழிற்சாலை ஊழியர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மூட்டுவாதம் உடம்பை முடக்கிக்கொண்டே வந்தது. வாக்னர் கார்டு வந்த அந்தப் பழைய சிகரெட் கார்டு வரிசையை சேகரிப்பவர்கள் இன்றும் 'டி206' என்று சொல்வது அவர் போட்ட அட்டவணையின் எண்தான். 1947இலிருந்து தன் சேகரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தார். மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல், அதில் பேஸ்பால் கார்டு மட்டும் 30,000க்கு மேல். கொடுத்ததோடு விட்டுவிடவில்லை, பின்னாளில் மியூசியத்திலேயே உட்கார்ந்து ஆல்பம் ஆல்பமாக ஒட்டி வரிசைப்படுத்தினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார், மார்ச்சில் இறந்துபோனார். பசை போட்டு ஒட்டியதைக் கேட்டால் இன்றைய சேகரிப்பாளர்களுக்கு நெஞ்சு அடைக்கும், மதிப்பெண் எல்லாம் அங்கேயே போச்சு. ஆனால் சேகரிப்பு சிதறாமல் ஒரே இடத்தில் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது, பேரும் இருக்கிறது. பணம் ஒரு பொருட்டே இல்லை என்பவருக்கு இதைவிட நல்ல முடிவு எனக்குத் தெரியவில்லை.

அந்த வாசல் எல்லோருக்கும் திறக்காது என்பதுதான் சிக்கல். கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் மியூசியம் விலை கொடுத்து எதையும் வாங்குவதில்லை, நன்கொடை மட்டும்தான், அதுவும் அவர்களிடம் ஏற்கெனவே இருப்பது இன்னொரு முறை தேவைப்படாது. வரிச் சலுகைக்காகக் கொடுப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெறும் நிறுவனம் தன் நோக்கத்துக்கு ஏற்ப வைத்துப் பயன்படுத்தினால்தான் இன்றைய சந்தை மதிப்புக்கு வரிக் கழிவு கேட்கலாம். உடனே விற்றுப் பணமாக்கும் அமைப்புக்குக் கொடுத்தால் வாங்கின விலைக்குத்தான், அந்த ஐந்து சென்ட்டுக்குத்தான்.

கடைசி வழி, ஒன்றும் செய்யாமல் பிள்ளைகளுக்கு விட்டுவிடுவது. எனக்குப் பிடிக்காத வழி, ஆனால் அமெரிக்க வரிச் சட்டம் இதற்குத்தான் பரிசு கொடுக்கிறது. 1975இல் 50 டாலருக்கு வாங்கிய கார்டை இன்று 10,000க்கு விற்றால், சேகரிப்புப் பொருள் என்பதால் லாபத்துக்கு மத்திய அரசின் வரி 28 சதவீதம் வரை போகலாம், அதாவது 2,800க்குச் சற்றுக் கீழே. அதே கார்டு வாரிசுக்குப் போனால் தாத்தா இறந்த அன்றைய மதிப்பே அவர்களுக்கு வாங்கிய விலையாகக் கணக்கிடப்படும், உடனே விற்றால் லாபமும் இல்லை, வரியும் இல்லை. உயிரோடு இருக்கும்போதே பேரனுக்குப் பரிசாகக் கொடுத்தால் இந்தச் சலுகை கிடையாது, பழைய 50 டாலர் கணக்கும் அவனோடு சேர்ந்தே போகும்.

ஆனால் எது அசல், எது மறுபதிப்பு, எந்த வியாபாரி நம்பகமானவர் என்பதெல்லாம் கார்டில் எழுதியிருக்காது, தாத்தாவின் மண்டையில் இருக்கிறது. எழுதி வைக்காமல் போனால் முதலில் கதவைத் தட்டுபவரிடம் மொத்தமும் போய்விடும். ஒருவர் 1936இலிருந்து வைத்திருந்த வாக்னர் கார்டை பால்டிமோரில் இருக்கும் கன்னியாஸ்திரீகள் சபை ஒன்றுக்கு உயில் மூலம் விட்டுப்போனார்; அவருடைய சகோதரி அந்தச் சபையைச் சேர்ந்தவர். கூடவே, சேதமானதுதான் என்றாலும் இதன் மதிப்பு ஏறிக்கொண்டே போகும் என்று ஒரு சீட்டும். 2010இல் விற்றதில் சபைக்கு 2 லட்சத்து 20 ஆயிரம் டாலர் கிடைத்தது. அந்தச் சீட்டு இல்லாவிட்டால் பேஸ்பாலைப் பற்றி ஒன்றும் தெரியாத சகோதரிகள் அந்தக் கசங்கிய சிகரெட் கார்டை என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக எல்லாவற்றையும் ஒரே வழியில் அனுப்பாதீர்கள் என்பேன். ஷூ பெட்டி ஏலத்துக்கு. அதிலும் லாபம் மிகப் பெரியதாக இருக்கும் ஒன்றிரண்டை, உடம்பு ரொம்ப முடியாத நிலை என்றால், விவரம் எழுதி எந்த நிறுவனத்திடம் போக வேண்டும் என்பதையும் குறித்து வாரிசுக்கு விட்டுவிடலாம், வரி ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. 1960கள், 70களின் நடுத்தரச் சரக்கு முழுவதும் வியாபாரிக்கு, ஒரே நாளில், விலையைப் பற்றிப் பிறகு புலம்பாமல். ஜங்க் வாக்ஸ் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு. ரொம்பப் பிடித்த பத்துப் பதினைந்தை யார் என்ன சொன்னாலும் கொடுக்க வேண்டாம், அதற்கு பிளாஸ்டிக்கும் வேண்டாம்.

உடம்பு ஒத்துழைத்தால், 1980இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆரம்பித்து இன்றும் வருஷா வருஷம் கோடையில் நடக்கும் 'நேஷனல்' என்ற கார்டு கண்காட்சிக்கு அந்த ஷூ பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, கூட ஒரு ஆளோடு போகலாம். வியாபாரிகளும் ஏல நிறுவனங்களும் தரச்சான்று கொடுப்பவர்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள், ஒரே கார்டுக்கு நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று மதியச் சாப்பாட்டுக்குள் தெரிந்துவிடும். "இன்றைக்கே கொடுத்தால்தான் இந்த விலை" என்று சொல்பவரை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.