வீட்டோர உயர மரம்: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் யாரிடம் வேலையைக் கொடுக்கலாம்?

கோடைமழை இங்கே சூறைக்காற்றோடுதான் வரும். அதற்கு முன்பே வீட்டை ஒட்டி நிற்கும் தென்னைக்கோ புளிக்கோ ஒரு முடிவு எடுத்துவிட வேண்டும். இந்த வேலைக்கு மூன்று வகை ஆட்கள் கிடைக்கிறார்கள்.

விறகு வியாபாரி கூலி கேட்கமாட்டார். புளி, வேம்பு என்றால் கையில் காசும் தருவார். காட்டு வரப்பில் நிற்கும் மரத்துக்கு அவரே போதும், வீட்டோரத்துக்கு வேண்டவே வேண்டாம். நீளமான அடிமரத்துக்குத்தான் விலை என்பதால் ஒரே சாய்ப்பாகச் சாய்க்கப் பார்ப்பார். மரத்தின் உயரத்துக்கும் மேலாகக் காலியிடம் இருந்தால்தான் அது சரி. உயரத்தை அளப்பது எளிது. கை நீளத்துக்குக் குச்சி ஒடித்து, நீட்டிய கையில் நேராகப் பிடித்து, குச்சியும் மரமும் அடி, நுனி இரண்டிலும் பொருந்தும்வரை பின்னால் நடங்கள். அங்கிருந்து மரத்தடி வரை உள்ள தூரமே உயரம்.

கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்கும் ஆட்களைத்தான் மனதார சிபாரிசு செய்கிறோம். கூலி கூடத்தான், ஆனால் ஓடு உடையாது. பேசும்போதே சில விஷயங்களைக் கவனியுங்கள். மரத்தைப் பார்க்காமல் போனிலேயே ரேட் சொல்பவர் வேண்டாம். ஏறுபவருக்கு இடுப்பு பெல்ட் தனி, துண்டு இறக்கும் கயிறு தனி என்று இருக்க வேண்டும். ஓரடி குறுக்களவுள்ள பச்சைத் துண்டு மூன்றடி நீளம் இருந்தாலே அறுபது கிலோவைத் தொடும். அதை வெறுங்கையால் பிடித்து நிறுத்த முடியாது. கீழே நிற்பவர் கயிற்றை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றி மெல்ல விட வேண்டும். பெரிய கிளையை முதலில் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுப்பவர் தொழில் தெரிந்தவர். நேராக மேலிருந்தே அறுத்தால் கிளை பட்டையை உரித்துக்கொண்டு தொங்கி, ஏறியவர் மேலேயே ஊசலாடி வரும்.

ஏறவே கூடாத மரங்களும் உண்டு. கோடாலியின் பின்பக்கத்தால் தட்டினால் உள்ளே கூடு போலக் கேட்பது ஒன்று. தண்டில் ஓட்டை விழுந்து, பழுப்புச் சாறு வடிந்து, மென்று துப்பிய நார் தெரிகிற தென்னை இன்னொன்று. அது சிவப்பு கூன்வண்டு வேலை. இவற்றுக்கு மூன்றாவது வகையான கிரேன் ஆட்கள்தான். கிரேனின் தாங்குகால் செப்டிக் டேங்க் மூடி மேல் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து லைன் நிறுத்திய பிறகே ஆள் ஏற வேண்டும். சாலையோரப் புளி அரசு சொத்து. சந்தனம் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக் கூடாது.

“பாதியில் மொட்டையடித்து விடலாம்” என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேம்பும் புளியும் வெட்டுவாயிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அந்தக் கிளைகள் பட்டையோரமாக மட்டும் ஒட்டியிருப்பதால் சில வருடத்தில் காற்றுக்கு ஒடியும். மரம் திடமாக இருந்தால் வீட்டுப்பக்கக் கிளைகளை மட்டும், அடியில் புடைத்திருக்கும் கழுத்தை விட்டு, அறுத்தால் போதும், மரமும் பிழைக்கும்.

அடிக்கட்டையை ஜேசிபி வைத்துப் பிடுங்க வேண்டாம். வேர் அஸ்திவாரத்துக்கு அடியில் ஓடியிருந்தால் இழுக்கும்போது சுவர் விரிசல் விடும். தரைக்குக் கீழே அரையடியில் அறுத்து மண் மூடச் சொல்லுங்கள். தென்னங்கட்டையை மட்டும் பிளந்து அப்புறப்படுத்த வேண்டும், மக்கினால் காண்டாமிருக வண்டு அதில் பெருகி மற்ற தென்னைகளின் குருத்துக்கு வரும். இதையும் கூலி பேசும்போதே சேர்த்துப் பேசிவிடுங்கள்.