மாவுப்பூச்சிக்கு யாரை இறக்குவது: பொறிவண்டா, குளவியா, பூஞ்சணமா?

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வைத்திருக்கும் பல குடும்பங்களுக்கு மலைக்கு மேலே குமுளி, அணக்கரை பக்கம் காப்பியோ ஏலமோ கொஞ்சம் இருக்கும். கீழே திராட்சைக் குலைக்குள்ளும், மேலே காப்பிக் காய்க்கொத்திலும் ஒரே தலைவலி: வெள்ளை மாவு பூசினாற்போல அப்பிக்கொண்டு செடிச்சாற்றைக் குடிக்கும் மாவுப்பூச்சி. கோடை தொடங்கினால் கேள்வியும் தொடங்கிவிடும். பொறிவண்டு வாங்கி விடலாமா, குளவி நல்லதா, பாக்கெட்டில் வரும் பூஞ்சண மருந்து போதுமா, இல்லை வழக்கம்போல மருந்தடித்துவிட்டுப் போய்விடலாமா?

என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூச்சி அப்பிக் கிடக்கிற இடத்தில் பொறிவண்டை மிஞ்ச ஆள் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற இடத்தில் காசு கொடுத்து வண்டு வாங்குவது வீண். அங்கே குளவிதான் வேலைக்காரன். எறும்பை விட்டுவைத்தால் இரண்டுமே தண்டம்.

முதலில் வண்டு. மாவுப்பூச்சிக்கென்று விற்பது கிரிப்டோலேமஸ் மாண்ட்ரூசியரி என்கிற ஆஸ்திரேலியப் பொறிவண்டு. சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டை எதிர்பார்த்து டப்பாவைத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கும். 4 மில்லிமீட்டர்தான் நீளம். கருத்த இறக்கை உறை, தலையும் கழுத்தும் வால் நுனியும் மட்டும் செம்மஞ்சள். இது இந்தியாவுக்கு வந்தது 1898இல். தென்னிந்தியக் காப்பியைப் பிடித்திருந்த பச்சைச் செதில் பூச்சியைத் தின்னும் என்று நியூபோர்ட் என்பவர் கொண்டுவந்தார். அந்த வேலை அதற்குச் சரிப்படவில்லை. ஆனால் மாவுப்பூச்சி நிறையக் கிடைத்ததால் அதைத் தின்று இங்கேயே தங்கிவிட்டது. எந்தப் பூச்சிக்கு எந்த எதிரி என்று பொருத்தம் பார்க்காமல் இறக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மலையிலேயே நூறு வருஷத்துக்கு மேலான சாட்சி இருக்கிறது.

தாய் வண்டு மாவுப்பூச்சியின் பஞ்சு போன்ற முட்டைப்பைக்குள்ளேயே போய் முட்டையிடும். பிறக்கிற புழுவுக்குச் சாப்பாடு வாசலிலேயே. அந்தப் புழுதான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது. வளர்ந்த வண்டும் தின்னும். புழு நாலு பருவம் வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளிவர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

புழுவைப் பார்த்ததும் நம் ஆட்கள் பதறுவதுதான் வேடிக்கை. உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை தொங்கும். பெரிய மாவுப்பூச்சி என்றே தோன்றும். பக்கத்துத் தோட்டத்து மாமா ஒருநாள் பந்தலுக்குக் கீழே நின்று கூப்பிட்டார்: “என்ன மாப்ள, வண்டு விட்டா பூச்சி கொறையும்ன. ஒனக்கு எரும மாதிரில்ல பெருத்துருச்சு!” கட்டைவிரலால் இரண்டை நசுக்கியும் விட்டார். “அத நசுக்கிராதீங்க மாமா, அதான் வண்டோட புள்ள” என்று சொல்லி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டியதாயிற்று. மாவுப்பூச்சி 3 மில்லிமீட்டர் இருக்கும். தொட்டால் மெதுவாக நகரும், நசுக்கினால் செஞ்சாந்து போலக் கசியும். வண்டுப் புழு 1 சென்டிமீட்டருக்கு மேலேயும் வளரும். இழைகள் நீளமும் குட்டையுமாகக் கலைந்து கிடக்கும், குச்சியால் சீண்டினால் விறுவிறுவென்று ஓடும். மருந்தடிக்க வருகிற ஆளுக்கு இந்த வித்தியாசத்தைக் காட்டிவிட்டால் பாதிக் காசு மிச்சம்.

இன்னொன்றும் வெள்ளையாக ஊர்ந்தால் அது ஸ்பால்ஜிஸ் என்கிற சின்ன வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். அதுவும் மாவுப்பூச்சியைத்தான் தின்னும். அதன் கூட்டுப்புழுவை உற்றுப் பார்த்தால் குரங்கு முகம் தெரியும். காசு கேட்காத கூலியாள், விட்டுவிடுங்கள்.

வண்டின் குறை என்ன? பசி அதிகம், பொறுமை குறைவு. இரை குறைந்ததும் பறந்துவிடும். முட்டையிடவே அதற்கு முட்டைப்பை நிறைய வேண்டும் என்பதால் ஒன்றிரண்டு பூச்சி உள்ள கொடியில் அது குடும்பம் நடத்தாது. குளிரும் ஆகாது, 16 டிகிரிக்கு அருகே போனால் அசைவதே அபூர்வம். கம்பம், சுருளிப்பட்டி வெயிலுக்கு இது பிரச்சினையில்லை. மேலே அணக்கரை, வண்டன்மேட்டு மார்கழிக் குளிரில் காப்பியில் விடுவதைவிட மாசி, பங்குனி வரை பொறுப்பது மேல்.

விடுகிற நேரமும் முக்கியம். கவாத்திலிருந்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதிலிருந்து, அறுவடை வரை திராட்சைக்கு ஏறக்குறைய நாலு மாதம்தான். வண்டின் அடுத்த தலைமுறைக்கே ஒரு மாதம் போய்விடும். குலை இறுகி, பூச்சி விடும் இனிப்புக் கழிவில் வளரும் கரும்பூசணம் பழத்தில் படிந்தபிறகு வண்டு விட்டால், அது பூச்சியைத் தின்றாலும் பழத்தின் கறை போகாது. வியாபாரி விலையைக் குறைப்பது குறைப்பதுதான். பிஞ்சு பிடிக்கும்போது, கொடிக்கு 10 வண்டு என்ற கணக்கில், வெயில் தாழ்ந்ததும் விட வேண்டும். அதற்கு முன்பே, கவாத்து முடிந்த கையோடு தண்டின் தளர்ந்த பட்டையை உரித்து எரித்துவிடுவது நல்லது. அடுத்த போகத்துக்கான பூச்சி அந்தப் பட்டைக்கு அடியில்தான் பதுங்கியிருக்கும்.

இந்த வண்டை வளர்ப்பது பரங்கிக்காயில். நன்கு பழுத்த, வரி வரியாய்ப் பள்ளம் உள்ள, காம்போடு கூடிய காய். அழுகாமலிருக்கப் பூஞ்சணக்கொல்லிக் கரைசலில் முக்கி, காயம் இருந்தால் மெழுகு பூசி, அதன்மேல் மாவுப்பூச்சியை விட்டு வளர்த்து, பிறகு கூண்டில் வண்டை விடுகிறார்கள். மாவுப்பூச்சி வளரவும் நாள் வேண்டும், வண்டு வளரவும் நாள் வேண்டும். ஆகவே இன்றைக்குக் கேட்டு நாளைக்குக் கிடைக்கிற சரக்கு இல்லை இது. கவாத்து தேதி முடிவானதுமே சொல்லிவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது குளவி. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கொசுவைவிடச் சின்னது, கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் ஒரு முட்டை வைக்கும். உள்ளே பிறந்த புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று முடிக்கும். வெளியே பார்த்தால் பூச்சி உப்பிப் பழுப்பாகி, ஓடு போல இறுகி, ஒரு வட்ட ஓட்டையோடு ஒட்டிக்கிடக்கும். தோட்டத்தில் அந்த ஓட்டை விழுந்த கூடு கண்ணில் பட்டால், மருந்துத் தெளிப்பானை இறக்கிவைத்துவிட்டு இரண்டு நாள் யோசியுங்கள்.

குளவியின் பலம் தேடும் திறமை. பத்துக் கொடிக்கு ஒரு பூச்சி இருந்தாலும் மோப்பம் பிடித்துப் போய்விடும். இதற்குப் பப்பாளி மாவுப்பூச்சியைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். 2008இல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய அந்தப் பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று புகுந்து ஆட்டிப்படைத்தது. மருந்தும் அடித்தார்கள், பொறிவண்டும் தின்று பார்த்தது; அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோரிகோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே உட்பட மூன்று குளவிகள் பெங்களூருக்கு வந்து, அங்கிருந்து தமிழ்நாட்டுத் தோட்டங்களுக்குப் போன பிறகுதான் அது அடங்கியது. மரவள்ளிக்கும் அதே கதை. 2020இல் கேரளத்தின் திருச்சூரில் முதலில் பார்த்த மரவள்ளி மாவுப்பூச்சி எல்லை தாண்டிச் சேலம், நாமக்கல் வரை போனது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அனகைரஸ் லோப்பெசி குளவியைத் தருவித்து, 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். அதே குளவிதான் 1981 முதல் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியது. அந்த முயற்சியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

ஆனால் குளவிக்கு ஒரு பிடிவாதம் உண்டு: தன் இரையை விட்டு வேறொன்றைத் தொடாது. 1983இல் டிரினிடாடிலிருந்து இந்தியாவுக்கு வந்த லெப்டோமாஸ்டிக்ஸ் குளவி எலுமிச்சை மாவுப்பூச்சியைப் பிடிக்கும். அந்தப் பூச்சி காப்பியிலும் வரும். ஆனால் அதே காப்பிச் செடியில் உட்காரும் இன்னொரு மாவுப்பூச்சி இனத்தைச் சீண்டாது. பார்வைக்கு இரண்டும் வெள்ளைதான். வண்டுக்கு இந்த நாக்குச் சுத்தம் கிடையாது. எந்த மாவுப்பூச்சியானாலும் ஒரு கை பார்க்கும். பூச்சி எந்த இனம் என்று தெரியாதவருக்கு வண்டுதான் பாதுகாப்பு. தெரிந்தவருக்குக் குளவி சிக்கனம். மேலே தோட்டம் இருந்தால் ஒரு கிளையை உறையில் போட்டுக் கிருஷி பவனில் (கேரள வேளாண் அலுவலகத்தில்) காட்டிவிட்டு முடிவு செய்யலாம்.

நம் திராட்சையைப் பிடிப்பது இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. இதே பூச்சி 1994இல் கரீபியன் தீவான கிரெனடாவில் புகுந்தபோது அங்கே கிரிப்டோலேமஸ் வண்டையும் அனகைரஸ் கமாலி குளவியையும் சேர்த்தே இறக்கினார்கள். குவிந்து கிடந்ததை வண்டு தின்று குறைத்தது. குறைந்ததைக் குறைந்தபடியே வைத்திருந்தது குளவி. இந்த இரண்டையும் போட்டியாளர்களாக நிறுத்துவதே எனக்குச் சரியாகப் படவில்லை. கம்பத்தில் கமாலியைத் தேடிப் போக வேண்டிய அவசியமும் இல்லை. அதன் நெருங்கிய உறவான அனகைரஸ் டாக்டிலோபி என்ற குளவி நம் ஊரில் இயற்கையாகவே இந்தப் பூச்சியில் முட்டை வைக்கிறது. அதற்கு நாம் செய்ய வேண்டியது, கொல்லாமலிருப்பது.

இப்போது எறும்பு. மாவுப்பூச்சி குடிக்கும் செடிச்சாற்றில் சர்க்கரை அதிகம், அதற்கு வேண்டிய புரதச் சத்து குறைவு. தேவையான சத்தைப் பெற அது அளவுக்கு மீறிக் குடித்து, மிஞ்சின இனிப்புத் தண்ணீரை வெளியே விடுகிறது. கரும்பூசணம் படிவது அதன்மேல்தான். எறும்பு வருவதும் அதற்குத்தான். வந்த எறும்பு சும்மா போவதில்லை, பூச்சிக்குக் காவல் நிற்கும். முட்டையிட வரும் குளவியை விரட்டும், வண்டைக் கடிக்கும். வண்டுப் புழுவுக்கு மெழுகு இழை கொஞ்சம் கவசம். குளவிக்கு அதுவும் இல்லை. ஆகவே எறும்பு மொய்க்கும் தோட்டத்தில் அதிகம் தோற்பது குளவி.

பந்தல் திராட்சையில் எறும்பு ஏறும் வழி தண்டு மட்டும் இல்லை. கல்தூணும் ஒரு வழி, இழுவைக் கம்பி இன்னொரு வழி, பந்தலைத் தொடும் களை மூன்றாவது. தண்டில் கிரீஸை நேரே பூசினால் பட்டை கெடும். பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றி அதன்மேல் பூச வேண்டும். தூண்களுக்கும் சேர்த்துப் பூசாவிட்டால் பூசியதே வேஸ்ட். இந்த வேலைக்கு ஒரு நாள் ஆள்கூலி கொடுக்க யோசிக்கிறவர்கள் வண்டு டப்பாவுக்கு ஆர்டர் கொடுப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். புழு மட்டுமே வேட்டைக்காரன். வளர்ந்தது மகரந்தமும் இனிப்புக் கழிவும் தின்று திரியும். கொழுந்தில் அப்பிச் சாறு குடிக்கும் அசுவினிக்கும் இளம் வெள்ளை ஈக்கும் அருமையான ஆள். மாவுப்பூச்சியில் குஞ்சுகளைத் தின்னும். தடித்த மெழுகு போர்த்திய தாய்ப்பூச்சியிடம் அவ்வளவு எடுபடாது. முட்டையாக வாங்கி விடுகிறோம். பொரிந்த புழுக்கள் ஒரே இடத்தில் குவிந்தால் ஒன்றையொன்று தின்னும். திராட்சைக்கு என் பட்டியலில் இது இல்லை. மிளகாய்க்கு உண்டு.

மாவுப்பூச்சியின்மேல் வளர்ந்து அதைக் கொல்லும் லெக்கானிசிலியம் பூஞ்சணம் கடையில் எளிதாகக் கிடைக்கிறது, விலையும் கட்டுப்படி. அதற்கு வேண்டியது ஈரக்காற்று. ஆடிச் சாரலில், மேலே காப்பியில் அது நன்றாகவே பிடிக்கும். சித்திரை வெயிலில் கம்பத்தில் தெளித்தால் காய்ந்துபோகும். இதைவிடப் பெரிய சிக்கல் திராட்சைக்கே உரியது: அடிச்சாம்பல் நோய்க்கென்று போர்டோ கலவையும் (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது) மற்றப் பூஞ்சணக்கொல்லிகளும் விடாமல் அடிக்கிறோம். நோய்ப் பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்துக்கு நல்ல பூஞ்சணம் எது என்று தெரியாது. ஒரே பந்தலில் இரண்டும் நடக்காது. திராட்சைக்காரர் இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

ரசாயன மருந்தை ஒரேயடியாகத் திட்டுகிற கட்சி நான் இல்லை. குலை இறுகும் நேரத்தில் பூச்சி ஏறிவிட்டால் வண்டுக்கு நாள் இருக்காது. ஆனால் மெழுகுக்கும் பட்டைக்கும் கீழே இருக்கிற பூச்சிக்குத் தெளிப்பு மருந்து சரியாகப் போய்ச் சேராது. வெளியே திரியும் குளவிக்கும் வண்டுக்கும் மட்டும் கனகச்சிதமாகச் சேரும். அதனால்தான் அடித்த சில வாரத்தில் பூச்சி முன்னைவிட அதிகமாகத் திரும்புகிறது. புப்ரோபெசின் போன்ற, தோல் உரிப்பதைத் தடுக்கும் மருந்துகள் வண்டுக்குத் தீங்கில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. வளர்ந்த வண்டு சாகாதுதான். புழு தோல் உரிக்க முடியாமல் செத்துவிடும். வண்டு விடுவதாக இருந்தால் கடைசி மருந்தடிக்குப் பிறகு குறைந்தது 3 வாரமாவது இடைவெளி வேண்டும். நடுவில் அவசரமென்றால் மீன் எண்ணெய் ரெசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கலந்து, பூச்சி கண்ட கொடியில் மட்டும் அடித்து, வண்டுப் புழு உள்ள கொடியை விட்டுவிடலாம். மேலே ஏலத்தோட்டத்தை ஒட்டிய காப்பியில் பக்கத்து வேலியிலிருந்து மருந்துச் சாரல் அடிக்கடி வரும். அங்கே வண்டு விடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அசுவினிக்கு வேறு கணக்கு. தட்டாம்பயறு, கேரளப் பக்கம் அச்சிங்காப்பயறு, இவற்றின் கொழுந்தில் கருப்பாக அப்பும் அசுவினிக்குக் கிரிப்டோலேமஸை வாங்கத் தேவையில்லை. முதுகில் கோணல்மாணலாகக் கறுப்புக் கோடு ஓடும் பொறிவண்டும் அதன் உறவுகளும் தானாகவே வந்துவிடும். அவற்றின் புழு கறுத்து நீண்டு, ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை மாதிரி இருக்கும். அது தெரிந்த வயலில் ஒரு வாரம் மருந்தை நிறுத்திப் பாருங்கள். கத்தரியில் இருக்கும் பொறிவண்டு மட்டும் வேறு சாதி, இலையைத் தின்பது. முதுகு மங்கலாய், மெல்லிய ரோமத்தோடு, 28 புள்ளி வரை இருந்தால், அடியில் மஞ்சள் புழு கிளைவிட்ட முள்ளோடு இலையின் பச்சையத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தால், அதைத் தயங்காமல் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடலாம்.