அப்பாவின் சேமிப்புப் பத்திரம்: அவரால் முடியாதபோது யார் கையெழுத்துப் போடுவது?

ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டி சேமிப்புப் பத்திரத்தில் பணம் போட்ட பெரியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். காலம் 7 ஆண்டு. ஜனவரி 1, ஜூலை 1 என ஆண்டுக்கு இருமுறை வட்டி வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். பத்திரத்தை விற்க முடியாது, அடகு வைத்துக் கடன் வாங்கவும் முடியாது. அதை வைத்திருப்பவர் பக்கவாதத்திலோ மறதி நோயிலோ விழுந்துவிட்டால், அவருடைய வைத்தியத்துக்கு அவர் பணத்தையே எடுப்பது எப்படி? வீடுகளில் பேசப்படும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போம்.

நாமினியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். உரியவர் உயிரோடு இருக்கும்வரை நாமினிக்கு எந்த அதிகாரமும் கிடையாது. "நான்தானே நாமினி" என்று மருத்துவமனை பில்லோடு வங்கிக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள்.

அடுத்தது, தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுத்து எழுதும் பவர் பத்திரம். இதை நம்பித்தான் பல குடும்பங்கள் நிம்மதியாக இருக்கின்றன, எனக்குக் கவலையே அங்கேதான். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் சித்தசுவாதீனத்தை இழந்தால் அந்தப் பவர் முடிந்துபோகிறது. அப்பாவுக்கு நடக்க முடியவில்லை, ஆனால் எல்லாம் புரிகிறது என்றால் பவர் செல்லும். அவர் நினைவே இல்லாமல் கிடக்கும்போது, அதாவது நமக்கு அது மிகவும் தேவைப்படும் நேரத்தில், செல்லாது. அமெரிக்காவில் கொடுத்தவரின் நினைவு தப்பினாலும் தொடரும்படி பவர் எழுதிவைக்கச் சட்டம் இடம் தருகிறது. அங்கே இருக்கும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு இங்கே பெற்றோரிடம் பவர் வாங்கி வைப்பது வீண் நம்பிக்கை.

உடல் மட்டும் முடங்கியிருந்தால் பவரைவிடச் சுலபமான வழி உண்டு. கையெழுத்துப் போட முடியாத நோயாளியின் கைரேகையையோ கால் பெருவிரல் ரேகையையோ, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வங்கி ஏற்கலாம். அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கும் நடைமுறை இது. கிளை ஊழியருக்குத் தெரியாவிட்டால் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இருப்பதிலேயே நல்லது கூட்டுப் பெயர் என்பது என் கணிப்பு. பத்திரத்தை வாங்கும்போதே கணவன் மனைவி இருவர் பெயரிலும், "யாராவது ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் வாங்கலாம். ஏற்கெனவே ஒற்றைப் பெயரில் வாங்கியாயிற்று என்றாலும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கலாம். வட்டி போய்ச் சேரும் சேமிப்புக் கணக்கில், பெரியவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே இன்னொருவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். அப்புறம் வட்டியை எடுக்க யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம் உண்டு. "எய்தர் ஆர் சர்வைவர்" என்றால் இருவரில் யாரும் பணம் எடுக்கலாம். "ஃபார்மர் ஆர் சர்வைவர்" என்றால் முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை அவர் மட்டும்தான். பாஸ்புக்கை எடுத்து எது என்று இன்றே பாருங்கள். வங்கி வைப்புநிதியும் இருந்தால் இன்னொன்று: எய்தர் ஆர் சர்வைவராகவே இருந்தாலும், முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தையும் கேட்பார்கள். ஒருவரே உடைக்கலாம் என்று இருவரும் முன்கூட்டி எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. கூட்டுப் பெயரில் ஆபத்தும் இருக்கிறது, சேர்க்கப்பட்டவர் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போகலாம். யாரைச் சேர்ப்பது என்பதைப் பெரியவரே முடிவு செய்யட்டும், பிள்ளைகள் நெருக்க வேண்டாம்.

எதுவும் செய்து வைக்காத வீட்டுக்கு மிஞ்சுவது, நோயாளியின் பணத்தைக் கையாள ஒரு பாதுகாவலரை நியமிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்பது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும் என்று சிலர் சொல்வார்கள். அது 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. கோமாவில் இருப்பவருக்கென்று தனிச் சட்டம் இல்லாததால், குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுகின்றன. 2019-இல் கேரள உயர் நீதிமன்றம் இதற்கு நெறிமுறை வகுத்தது: மருத்துவக் குழுவின் பரிசோதனை, வருவாய்த் துறை அதிகாரி நேரில் வந்து விசாரணை, நியமனத்துக்குப் பிறகு பாதுகாவலர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை. 2024-இல் சென்னையில், கோமாவில் இருந்த கணவருக்காக மனைவி போட்ட மனுவை, சிவில் நீதிமன்றம் போகச் சொல்லித் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. சொத்தை விற்க அனுமதித்து, 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புநிதியாகப் போடச் சொன்னது. நோயாளிக்கு இவ்வளவு பாதுகாப்பு வேறு எந்த வழியிலும் இல்லை. செலவும் அலைச்சலும்தான் சாதாரணக் குடும்பத்தால் தாங்க முடியாதவை.

அமெரிக்கக் கருவூலம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நினைவு தப்பியவருக்குச் சட்டப்படி பாதுகாவலர் இல்லை, அவருடைய சேமிப்புப் பத்திரங்களின் மொத்த மதிப்பும் 20,000 டாலரைத் தாண்டவில்லை என்றால், பராமரிக்கும் உறவினர் கருவூலத்துக்கே விண்ணப்பித்து, நீதிமன்றம் போகாமல் பணத்தைப் பெறலாம். இரண்டு மூன்று லட்ச ரூபாய்ப் பத்திரத்துக்காக உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டிய நிலையில் இருக்கும் நம் குடும்பங்களுக்கும், ஒரு தொகை வரம்போடு ரிசர்வ் வங்கி இதைக் கொண்டுவர வேண்டும்.