வலைப்பதிவா, வீடியோவா: கருப்பட்டி வியாபாரத்தில் நாங்கள் எழுத்துப் பக்கம் நின்ற கதை

திசையன்விளைப் பக்கம் பனையேறிகளிடம் கருப்பட்டி வாங்கி, தரம் பிரித்து, வெளியூருக்கு அனுப்பும் குடும்பம் எங்களுடையது. கடையில் எடை போடுவதும் பெட்டி கட்டுவதும் அண்ணனும் மயினியும். வெளியூர்க்காரர்களுக்கு எங்களைப் பற்றிச் சொல்வது, சந்தேகம் கேட்டால் விளக்குவது, தப்பான பேச்சு கிளம்பினால் பதில் சொல்வது என் பொறுப்பு. பெரிய கம்பெனிகளில் இதற்கு மக்கள் தொடர்பு என்று தனித் துறையே வைத்திருப்பார்கள்.

பனங்கற்கண்டு, சுக்குக் கருப்பட்டி, முறுக்கு, ஊறுகாய் என்று தொழில் தொடங்கும் தம்பிமார் இப்போது அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அண்ணாச்சி, யூடியூப்ல சேனல் போடவா, இல்ல உங்கள மாதிரி எழுதிப் போடவா?" நாங்கள் சொந்த வலைப்பதிவைத் தேர்ந்தெடுத்துச் சில வருஷம் ஆகிறது. நடுநடுவே வீடியோவும் போட்டிருக்கிறோம். என் சாய்வு எழுத்துப் பக்கம்தான். ஏன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

செய்தித்தாள் என்ற மூன்றாவது வழியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1906-ல் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் விபத்து நடந்தபோது, ரயில்வே கம்பெனிக்காக ஐவி லீ என்பவர் தகவலை மறைக்காமல் எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். பத்திரிகைக் குறிப்பு என்ற வழக்கம் அங்கிருந்து வளர்ந்ததாகச் சொல்வார்கள். நம் ஊரிலும் ஒரு நிருபர் நல்லபடியாக எழுதினால் மரியாதை கூடும். கடைச் சுவரில் வெட்டி ஒட்டலாம். ஆனால் அது வருவதும் வராததும் நம் கையில் இல்லை. வந்தாலும் மறுநாள் அது பழைய பேப்பர். நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை அல்வாவுக்குக் கூட்டம் கூடுவது எந்தக் குறிப்பாலும் இல்லை. அந்தப் பெயர் தலைமுறைக் கணக்கில் வந்தது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அத்தனை அவகாசம் கிடையாது.

வீடியோவின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே. 2005-ல் யூடியூப் வந்தது. 2016-ல் ஜியோ வந்தபின் டேட்டா மலிந்து, வாசிக்கச் சோம்பல்படுகிறவர்கூட வீடியோ பார்க்கிறார். ஒரு உணவுச் சேனலில் நம் கடை வந்தால் அந்த வாரம் போன் ஓயாது. எழுதிப் போட்டால் அப்படி ஒரு நாளும் நடக்காது. எங்கள் பதிவுகளுக்கு வருகிறவர்கள் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறார்கள். முதல் மாதக் கணக்கை மட்டும் பார்த்தால் வீடியோதான் ஜெயிக்கும்.

நான் பார்ப்பது முதல் மாதத்தை அல்ல. போட்டதைப் பிறகு யார் பராமரிப்பது, எப்படிப் பராமரிப்பது? எங்கள் தொழிலில் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரே விஷயம்.

ஒரு பங்குனியில் ஒரு சேனல்காரர்கள் வந்து, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியைப் படம் பிடித்தார்கள். அருமையாக எடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. பனையேறி பாளை சீவுவது, கலயத்தை இறக்குவது, தாச்சியில் பதநீர் பொங்குவது, காய்ச்சுகிற அம்மா கூப்பனி என்கிற பாகின் பதம் பார்ப்பது, சிரட்டையில் ஊற்றுவது எல்லாம் அதில் இருக்கிறது. தொகுத்து வழங்கியவர் அன்றைய கிலோ விலையையும் போன் நம்பரையும் வாயாலேயே சொல்லிவிட்டார். பங்குனி, சித்திரை என்றால் பதநீர் பெருகும் காலம், விலை இறங்கியிருக்கும். ஆடி தாண்டினால் வரத்து அடங்கும், ஐப்பசி மழையில் கையிருப்பு மட்டும்தான், விலை ஏறும். அந்த வீடியோவுக்கு ஐப்பசி தெரியாது. இன்றைக்கும் யாராவது அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள். "வீடியோவுல ஒரு வெல சொல்லுதீய, போன்ல ஒரு வெல சொல்லுதீயளே?" என்று கேட்கும்போது மயினி பதில் சொல்லியே களைத்துப்போகிறாள். எங்கள் நேர்மையைப் பற்றிய சந்தேகமாகவே அந்தக் கேள்வி வந்து விழுகிறது.

சேனல்காரரிடம் மாற்றச் சொல்லிக் கேட்டோம். அவரும் ஒத்துழைக்கத் தயார். ஆனால் யூடியூபில் ஏற்றிய வீடியோவை அதே இணைப்பில் வைத்துக்கொண்டு வேறு வீடியோவாக மாற்ற வழி இல்லை. தலைப்பை மாற்றலாம், கீழே உள்ள விளக்கத்தை மாற்றலாம், நடுவில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கலாம். ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்திச் சொல்ல முடியாது. அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் பார்வைக் கணக்கு, கருத்துகள், வாட்ஸாப்பில் பரவிய இணைப்பு எல்லாம் போய்விடும். தன் உழைப்பை அப்படி அழிக்க எந்தச் சேனல்காரரும் சம்மதிக்க மாட்டார், அது நியாயமும்தான்.

எங்கள் வலைப்பதிவின் முதல் பக்கத்தில் மேலே ஒரு சின்னப் பத்தி இருக்கும். என்ன சரக்கு கையிருப்பில் இருக்கிறது, புதுசா, போன பருவத்ததா, என்ன விலை, எந்தத் தேதியில் திருத்தியது. மயினி கடையிலிருந்து போன் பண்ணிச் சொல்வாள், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மாற்றிவிடுவேன். கேமரா வேண்டாம், எடிட்டர் வேண்டாம், ஒருத்தரிடம் நாள் கேட்டுக் காத்திருக்க வேண்டாம்.

விலைகூடச் சின்ன விஷயம். சீனிக் கலப்புதான் எங்கள் தொழிலின் தலையாய சந்தேகம். பாளையங்கோட்டையிலிருந்து வழக்கமாக வாங்கும் ஒரு ஆச்சி கேட்டது: "அய்யா, போன தடவ கல்லு மாதிரி இருந்துச்சு, இந்தத் தடவ பிசுபிசுங்கு. சீனியக் கீனியக் கலந்துட்டீயளோ?" மழைக் காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு கருப்பட்டி கசியும், அதற்கும் சீனிக்கும் சம்பந்தம் இல்லை. இதை அவருக்குப் போனில் சொன்னேன், அன்றிரவே பதிவில் சேர்த்தேன். அந்தப் பக்கம் இப்படித்தான் வளர்ந்தது. ஒவ்வொரு போனும் ஒரு பத்தி ஆனது.

ஏன் இந்த விலை என்பதற்கு ஒரு பத்தி. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8, 9 லிட்டர் பதநீரைக் காய்ச்ச வேண்டும். அதற்கு விறகு, ஏறுகிறவர் கூலி, காய்ச்சுகிறவர் கூலி எல்லாம் சேரும். கலயத்தில் ஏன் சுண்ணாம்பு என்பதற்கு இன்னொரு பத்தி. தடவாவிட்டால் இறக்குவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். வீட்டிலேயே கலப்படம் கண்டுபிடிக்கலாம் என்று சுற்றும் சோதனைகளைப் பற்றி நீளமாகவே எழுதியிருக்கிறேன். கருப்பட்டியின் இனிப்பும் சீனியின் இனிப்பும் பெரும்பாலும் சுக்ரோஸ் என்ற ஒரே சர்க்கரைதான் என்பதால், தண்ணீரில் போட்டுப் பார்த்தோ நாக்கில் வைத்தோ உறுதியாகச் சொல்லிவிட முடியாது. உறுதி வேண்டுமென்றால் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று ஏகப்பட்ட வீடியோக்களில் சொல்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. இதுவும் சர்க்கரைதான், டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம். விற்பனை குறையுமே என்று அண்ணன் முதலில் தயங்கினான். இப்போது அந்தப் பத்தியை வாசித்ததால்தான் உங்களிடம் வாங்குகிறோம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் வீடியோவில் சொல்ல முடியாதா? முடியும். ஆனால் ஒவ்வொரு புதுக் கேள்விக்கும் ஒரு புது வீடியோ வேண்டும். ஐந்து வருஷம் கழித்து எது கடைசியாகச் சொன்ன பதில் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. எழுத்தில் ஒரு கேள்விக்கு ஒரே இடம், அது எப்போதும் இன்றைய நிலையில் இருக்கும்.

பெரிய கம்பெனிகளின் கதையிலும் இதைப் பார்க்கலாம். டெல் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையைப் பற்றி 2005-ல் ஜெஃப் ஜார்விஸ் என்ற பத்திரிகையாளர் தன் வலைப்பதிவில் எழுதியது பெரிய தலைவலியாகிவிட்டது. 2006 ஜூலையில் டெல் தானே ஒரு வலைப்பதிவைத் தொடங்கியது. ஜப்பானில் டெல் மடிக்கணினி ஒன்று தீப்பற்றி எரியும் படம் அப்போது உலகமெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கண்டும் காணாமல் விடாமல் அந்த வலைப்பதிவிலேயே எழுதினார்கள். அடுத்த மாதம் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். விசாரணை நடக்கும்போதே, தெரிந்தவரை சொல்லிக்கொண்டு போக எழுத்து இடம் கொடுத்தது.

திருத்த முடிவதில் ஓர் ஆபத்தும் உண்டு. சத்தமில்லாமல் மாற்றினால், நேற்று வாசித்தவர் இன்று வந்து பார்த்து நம்மைச் சந்தேகப்படுவார். பழைய வலைப்பதிவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. தப்பான வரியை அழிக்காமல் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதுவார்கள். விலை மாற்றத்துக்கு நாங்கள் தேதி மட்டும் போடுகிறோம். மற்ற எந்தத் திருத்தத்துக்கும் கோடு போட்டுத்தான் எழுதுகிறோம்.

காசு கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2006-ல் அமெரிக்காவில் ஒரு ஜோடி வேனில் ஊர் ஊராகப் போய், வால்மார்ட் வாகன நிறுத்தங்களில் தங்கி, அங்கே வேலை செய்கிறவர்களைப் பற்றி இனிக்க இனிக்க வலைப்பதிவு எழுதினார்கள். செலவுக்குப் பணம் வால்மார்ட் பக்கமிருந்தே வந்தது அம்பலமானபோது, வால்மார்ட்டுக்காகப் பின்னால் இருந்து வேலை செய்த எடெல்மன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. எழுத்திலும் பொய் பேசலாம் என்பதற்கு அது சாட்சி. நம் நாட்டில் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுமம் 2021-ல் வழிமுறை கொண்டுவந்திருக்கிறது. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால், அது விளம்பரம் என்று பார்க்கிறவருக்குத் தெரியும்படி போட வேண்டும். போடாத சேனலோடு சேராதீர்கள். கெட்டுப்போவது நம் பெயர்தான்.

வீடியோவுக்கு உரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்கிறவரிடம் எத்தனை பத்தி எழுதியும் பலனில்லை. 2009-ல் அமெரிக்காவில் ஒரு டாமினோஸ் கடையின் ஊழியர்கள் இருவர் உணவை அசிங்கப்படுத்துவதுபோல எடுத்த வீடியோ பரவியபோது, கம்பெனியின் தலைவர் அறிக்கையோடு நிற்காமல் யூடியூபிலேயே முகத்தைக் காட்டிப் பேசினார். வீடியோவால் வந்ததற்கு வீடியோவால்தான் பதில் சொல்ல முடிந்தது. நாங்களும் கலயம் இறங்குவதிலிருந்து சிரட்டையில் ஊற்றுவது வரை வெட்டாமல் எடுத்த ஒரு வீடியோ வைத்திருக்கிறோம். நீளம் அதிகம், முழுதாகப் பார்க்கிறவர் குறைவு. ஆனாலும் சீனிப் பேச்சு வந்தால் அந்த இணைப்பைத்தான் அனுப்புகிறோம். இங்கே மாற்ற முடியாமைதான் அதன் பலம்.

இடம் யாருடையது என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை வந்தபோது, அதில் சேர்த்து வைத்திருந்த கூட்டம் ஒரே ராத்திரியில் பலருக்கும் போனது. வலைப்பதிவிலும் இந்த ஆபத்து இல்லாமல் இல்லை. வலைப்பதிவு நடத்த இடம் கொடுக்கும் பிளாகர் சேவை 2003-லிருந்து கூகிள் கையில்தான் இருக்கிறது. அதனால் சொந்த டொமைன் பெயர், அதாவது நம் பேரிலேயே ஒரு இணைய முகவரி, வாங்கிக்கொள்ளுங்கள். வருஷச் சந்தாவைக் கட்டத் தவறாதீர்கள். எழுதியது அத்தனையையும் ஒரு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். எழுத்தை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது சுலபம்.

ரீல்ஸ், ஷார்ட்ஸ் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியவில்லை. அண்ணன் மகன்தான் அதைப் பார்க்கிறான், அதனால் ஆர்டர் வருகிறதா, வெறும் லைக் வருகிறதா என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்கு அனுபவம் இல்லை. காசு கட்டி விளம்பரம் ஓட்டியதும் இல்லை. தமிழ் வாசிக்காத வடநாட்டு வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டுமென்றால் என் கணக்கு செல்லாமல் போகலாம்.

வீடியோதான் எடுப்பேன் என்று முடிவு செய்தவர்கள் ஒன்று செய்யுங்கள். விலையையும் நம்பரையும் வாயால் சொல்லாதீர்கள், திரையில் எழுத்தாகவும் போடாதீர்கள். இரண்டையும் கீழே விளக்கத்தில் மட்டும் போடுங்கள், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பருவம், திருவிழா, தள்ளுபடி எதையும் வீடியோவுக்குள் கொண்டுவராதீர்கள். கை வேலையை மட்டும் காட்டுங்கள்.

பத்தமடைப் பாய் மாதிரிப் பொருள் என்றால் நானே வீடியோவைத்தான் முதலில் சொல்வேன் என்று நினைக்கிறேன். கோரையை அத்தனை மெல்லிசாகக் கிழித்து நெய்வதை எழுதிக் காட்ட முடியாது, பார்த்தால்தான் விலைக்கு அர்த்தம் புரியும். அதிலும் கோரை வரத்து, சாயம், நூல் விலை என்று மாறுகிற சங்கதிகள் இருக்கத்தான் செய்யும். அது எத்தனை அடிக்கடி மாறும் என்பதை நெய்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். அடிக்கடி மாறும் என்றால், வீடியோவோடு கூடவே திருத்தக்கூடிய ஒரு பக்கத்தையும் திறந்து வைத்துவிடுங்கள்.