ஹெட்லைட்டுக்கு ஃபிலிம்: நாலரை வருடத்துக்குப் பிறகு உரித்துப் பார்த்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் காரின் வலது ஹெட்லைட்டில் கல்லும் கீறலும் படாமல் காக்க ஒட்டியிருந்த நிறமில்லாத ஃபிலிமை உரித்து எடுத்தேன். 2021 ஜனவரியில் ஒட்டியது, நாலரை வருடம் ஆகிவிட்டது. உரிக்க வேண்டும் உரிக்க வேண்டும் என்று ஒன்றரை வருடமாகத் தள்ளிப்போட்டு வந்த வேலை. மச்சினன் போன் பண்ணியதால்தான் இந்த வாரம் கை வைத்தேன். மதுரையில் வேலை பார்க்கிறான், புது வண்டி எடுத்திருக்கிறான், முன்விளக்கு எல்இடி. "ஹெட்லைட்டுக்கு ஃபிலிம் ஒட்டலாமுங்களா மாமா? நீங்க ஒட்டி வருசக்கணக்கா ஓட்டறீங்களே, அதான் கேட்டேன்" என்றான். உரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஃபிலிம் ஒட்டும் ஆசை வந்ததே பழைய வண்டியால். ஏழாவது வருடத்தில் அதன் இரண்டு விளக்கும் மஞ்சள்காமாலை வந்த கண் மாதிரி ஆகிவிட்டன. இப்போது வரும் கார்களில் விளக்கின் முன்பக்கம் கண்ணாடி கிடையாது, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் அடித்தால் சில்லு சில்லாக உடையாது, அந்த விஷயத்தில் அம்பாசிடர் காலத்து வட்டக் கண்ணாடியைவிட எவ்வளவோ மேல். ஆனால் மேற்பரப்பு மென்மை. துடைக்கும் துணியில் மணல் இருந்தாலே கீறல் விழும், வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மஞ்சளாகும். அதற்காகத்தான் கம்பெனியிலேயே மேலே மெல்லிய கடினப் பூச்சு ஒன்று கொடுத்து அனுப்புகிறார்கள். அது இருக்கும்வரை விளக்கு பளிச்சென்று இருக்கும். அது தேய்ந்ததும் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் நேரடியாக வெயிலைக் குடிக்க ஆரம்பிக்கும். வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் மேல்பகுதிதான் முதலில் போகும். கரூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வண்டிக்கு டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன். இரண்டு வாரம் தெளிவாக இருந்தது. அப்புறம் 1000, 1500, 2000 நம்பரில் வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்) வாங்கி, தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் என்ற மெருகுப் பசை போட்டு மெருகேற்றினேன். ஷோரூமிலிருந்து வந்த மாதிரி ஆனது. அடுத்த சித்திரைக்குள் பழையபடி மஞ்சள். தேய்க்கும்போது மிச்சமிருந்த பூச்சும் சேர்ந்து போய்விட்டது, அதற்குப் பதிலாகப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் மேலே அடித்திருக்க வேண்டும். அது பின்னால்தான் தெரிந்தது. அதனால் 2020 டிசம்பரில் இந்த வண்டி வந்தபோது முதல் காரியமாக விளக்கைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

ஒட்டியது டிபியு ஃபிலிம், அதாவது பாலியூரிதேன் என்ற, ரப்பர் மாதிரி இழுபடும் பிளாஸ்டிக் வகை. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். இரண்டு விளக்குக்கும் சேர்த்து 1,800 ரூபாய் வாங்கினார்கள். இதைவிட மலிவாக பிவிசி ஃபிலிமும் இருந்தது. அது சீக்கிரம் மஞ்சளாகி மொடமொடவென்று விறைத்துவிடும், உரிக்கும்போது துண்டு துண்டாக வரும் என்று கடைக்காரத் தம்பியே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு நன்றி. "அஞ்சு வருசத்துக்கு நீங்க திரும்பிக்கூடப் பாக்க வேண்டாங்ண்ணா" என்றும் சொன்னார். அதைத்தான் நம்பியிருக்கக் கூடாது.

முதல் இரண்டு வருடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் திண்டுக்கல் போய் ராத்திரியில் திரும்புகிறவன் நான். நாற்பத்துநாலாம் நம்பர் நெடுஞ்சாலையில் தார்ப்பாய் மூடாத ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் போனவர்களுக்குத் தெரியும், முன்பக்கம் எங்கேயோ 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் வயிற்றில் சுருக்கென்று இருக்கும். ஃபிலிம் ஒட்டியபின் அந்தச் சத்தமே மாறிவிட்டது. மந்தமாக, ரப்பரில் பட்ட மாதிரி 'டப்'. மழை விட்ட சாயங்காலத்தில் ஈசல் கும்பலாக வந்து அப்பிக்கொள்ளும், காய்ந்தால் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். ஈரத்துணியை ஐந்து நிமிடம் போட்டு வைத்தால் ஃபிலிமிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஒருநாள் வண்டி கழுவும் இடத்தில் பையன் மண்ணோடு துணியை வைத்துத் தேய்த்து, மேலெல்லாம் சிலந்திவலை மாதிரிக் கீறல் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கெட்டிலில் தண்ணீரைச் சுட வைத்து மெதுவாக ஊற்றினேன். கண் முன்னால், குளத்தில் போட்ட கோடு மாதிரி, ஒவ்வொரு கீறலாக மூடிக்கொண்டு போனது. ஆழமான வெட்டுக்கு இந்த வித்தை பலிக்காது, மேல்கீறலுக்குத்தான். இருந்தாலும் அன்றைக்கு நான் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

2022 ஐப்பசி மழையில் ஒரு பைக் வழுக்கி வந்து இடித்து இடது விளக்கு உடைந்தது. புது விளக்கு மாட்டினேன். அதற்கு ஃபிலிம் ஒட்ட நேரம் கிடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். ஆக, கிட்டத்தட்ட மூன்று வருடமாக ஒரே வண்டியில் வலது பக்கம் ஃபிலிமோடு, இடது பக்கம் வெறுமனே ஓடியிருக்கிறது. ஒரே சாலை, ஒரே வெயில், ஒரே ஆடிக் காற்று. இதைவிட நல்ல ஒப்பீடு யாருக்கும் வாய்க்காது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வருடத்துக்குப் பிறகு வலது பக்கம் மாறத் தொடங்கியது. முதலில் பகலில் தெரியவில்லை. ராத்திரி சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டால், இடது விளக்கின் டிம் வெளிச்சம் மேல்விளிம்பில் ஒழுங்காக ஒரு கோடு வெட்டி நிற்கும். வலது விளக்கின் கோடு பஞ்சு மாதிரிப் பரவி நிற்கும். பல்பு இரண்டும் ஒரே நாளில் மாற்றியது. விளக்கைத் தூக்கி இறக்கிச் சரிசெய்து பார்த்தேன், பயனில்லை. நாலாவது வருடத்தில் ஃபிலிம் மேலே பாலாடை படிந்த மாதிரி ஆகிவிட்டது. வெந்நீருக்கும் அசையவில்லை. என் வெளிச்சம் குறைந்ததோடு போகவில்லை. சிதறுகிற வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணிலும் அடிக்கும். டிம்மில்தான் போகிறேன், எதிரே வருகிறவர் டிம் பண்ணச் சொல்லி விளக்கை அடித்து அடித்துக் காட்டுவார். அந்த ஒன்றரை வருடமும் வெறுமனே விட்ட இடது விளக்குதான் எனக்கு வழி காட்டியது என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். அதன் கம்பெனிப் பூச்சுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. புள்ளி புள்ளியாகக் கல் கொத்திய தடம் இருக்கிறது, நகத்தால் தடவினால் தட்டுப்படும். மஞ்சள் இல்லை, மங்கல் இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நாலரை வருடமும் என்னை விடாமல் எரிச்சல்படுத்தியது அந்த ஓரக் கோடு. விளக்கின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உள்ளே, ஃபிலிம் முடிகிற இடத்தில், சுற்றிலும் பென்சிலால் வரைந்த மாதிரி கறுப்பாக ஒரு கோடு. ஃபிலிமின் ஓரத்தில் தூசி போய் ஒட்டிக்கொள்வது சகஜம்தான். ஒவ்வொரு முறை வண்டி கழுவும்போதும் பழைய டூத்பிரஷ் எடுத்து, ஷாம்பு தண்ணீரில் நனைத்து, அந்தக் கோட்டைத் தேய்ப்பேன். பாதி போகும், பாதி போகாது. ஃபிலிமை உரித்தால் அதோடு இதுவும் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

உரிக்க இரண்டு மணி நேரம் ஆனது. ஹேர் டிரையரால் மூலையைச் சூடாக்கி, நகத்தால் கிளப்பி, செங்குத்தாக இழுக்காமல் விளக்கின் மேலேயே படுத்த மாதிரி பின்பக்கமாக மெதுவாக இழுத்தால் முழுசாக வருகிறது. அவசரப்பட்ட இடத்திலெல்லாம் பசை விளக்கிலேயே தங்கிவிட்டது. பெட்ரோல் போட்டுத் துடைத்துவிடுங்கள் என்று தெருவில் போன ஒருவர் சொன்னார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது, உள்ளே நூல் நூலாக வெடிப்பு விடும். மெடிக்கல் கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைக்கும், பஞ்சில் நனைத்துத் துடைத்தால் பசை உருண்டு உருண்டு வந்துவிடுகிறது.

பசை போனதும் அடியில் இருந்ததைப் பார்த்து நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு புள்ளி இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே. எழுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டியின் விளக்கு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். காக்க வேண்டியதை அந்த ஃபிலிம் முழுசாகக் காத்திருக்கிறது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

அந்தக் கோடு மட்டும் போகவில்லை.

பிரஷ் போட்டேன், ஆல்கஹால் போட்டேன், காம்பவுண்ட் போட்டேன். கடைசியில் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, நகத்தைக் குறுக்காக ஓட்டினேன். நகம் மாட்டியது. பிளேடு. ஒட்டிய அன்றைக்கு ஃபிலிமை விளக்கின் மேலேயே வைத்து, பிளேடால் சுற்றி வெட்டியிருக்கிறார்கள். கம்பெனிப் பூச்சைக் கிழித்துக்கொண்டு பிளாஸ்டிக்குக்குள் இறங்கியிருக்கிறது. நாலரை வருடமாக நான் அழுக்கு என்று தேய்த்துக்கொண்டிருந்தது, வண்டி வந்து ஒரு மாதத்தில் என் விளக்கில் போட்ட வெட்டு. சுற்று முழுக்க அந்த வழியாகப் பூச்சு திறந்து கிடக்கிறது. மேல் மூலையில் அந்தக் கோட்டை ஒட்டி லேசாக மஞ்சள் தெரிகிறது, இனி அங்கிருந்துதான் பரவும். எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. கல் அடித்தால் அது சாலையின் குணம். இது காசு கொடுத்து வாங்கியது.

நியாயமாகப் பேசினால், இது ஃபிலிமின் தப்பு இல்லை. வண்டியின் மாடலுக்கு ஏற்றபடி மெஷினில் முன்கூட்டியே வெட்டிய ஃபிலிமை ஒட்டினால் பிளேடே தேவைப்படாது. கையால் வெட்டுகிறவர்களிலும் கெட்டிக்காரர்கள் ஃபிலிமை விளிம்பு தாண்டி இழுத்து, பம்பருக்கும் விளக்குக்கும் நடுவே இருக்கும் சந்தில் வைத்து வெட்டுவார்கள். மூன்று வருடம் முடிந்ததும் உரித்திருந்தால் அந்தப் பாலாடை வெளிச்சத்தோடு நான் ராத்திரியில் போராடியிருக்க வேண்டியதும் இல்லை. மச்சினன் வண்டிக்கு விளக்கின் விலையும் வேறு. என்னுடையது ஹாலஜன், 60/55 வாட்ஸ் பல்பு, பல்பு போனால் பல்பு மட்டும் மாற்றலாம். அவனுடைய எல்இடி விளக்கு மொத்தமாக ஒரே செட், ஒரு பக்கம் மட்டும் முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. ஒட்டச் சொல்வதற்கு அவன் பக்கம்தான் காரணம் அதிகம்.

ஸ்மோக் கலரில் கறுப்பாக ஒட்டலாமா என்றும் இடையில் கேட்டான். அதற்குப் பேச்சே இல்லை. ஒரு காலத்தில் எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருக்க விளக்கு நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி போலீஸ் வண்டியை நிறுத்துவார்கள். அதற்காவது ஒரு காரணம் இருந்தது. அழகுக்காக வெளிச்சத்தை மூடுவது வேண்டவே வேண்டாம்.

நேற்று ராத்திரி உரித்த விளக்கோடு திண்டுக்கல்லிலிருந்து வந்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம், அரவக்குறிச்சி தாண்டி சாலையோர வெள்ளைக் கோடு கடைசிவரை தெரிந்தது. எதிரே வந்த ஒருவரும் விளக்கடித்துக் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து போன் போட்டேன். "ஒட்டாதே மாப்ள, வெறுமனே விட்டுடு" என்றேன். அடியில் விளக்கு எப்படி இருந்தது என்று கேட்டான். புதுசு மாதிரி இருந்தது என்றேன். அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. கோட்டைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் ஏற்கெனவே அட்வான்ஸ் குடுத்துட்டனுங்க மாமா, ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மதுரைக்குக் கிளம்புகிறேன். ஒட்டி முடிகிறவரை பக்கத்திலேயே நிற்பேன்.